ஓட்டின்மேல் தோகை

எந்த ஊரிலும் கூரை வீடுதான் நாளடைவில் ஓட்டு வீடாகும். தோப்புக்குட்டையில் 1947-ஆம் வருஷம் மாசி மாதம் ஓட்டு வீடுகள் வரிசையாகக் கூரை வீடுகளாயின. இதைக் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்ததோடு நிற்காமல் அதற்குக் கணக்கும் எழுதினவன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டைக்குப் போகிற சாலையில் ஐந்தாவது மைலில் இறங்கி, மண்பாதையில் அரை மைல் நடந்தால் தோப்புக்குட்டை. தொண்ணூறு வீடு. முக்கால்வாசி தறிக்காரர்கள். தெருவில் நின்று கிழக்கே பார்த்தால் திருத்தணி மலை தெரியும். நான் அரக்கோணத்துக்காரன். பஞ்சாயத்து போர்டு கிளார்க்காக அங்கே மூன்று வருஷம் இருந்தேன். போர்டு என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு அறை, ஒரு பீரோ, ஒரு கால் ஆடுகிற மேஜை. சுவருக்கு அந்தப்பக்கம் இன்னொரு அறை உண்டு. அதில் போர்டு மருத்துவச்சி தபிதாளும் அவள் புருஷன் எலியேசரும் குடியிருந்தார்கள்.

தபிதாள் மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தவள். நாற்பது வயது இருக்கும். ஆறு வருஷத்தில் அந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் இருநூறு பிரசவத்துக்கு மேல் பார்த்திருந்தாள். சம்பளம் மாதம் இருபத்தைந்து ரூபாய். அதில்தான் சங்கடம் இருந்தது. பாதிச் சம்பளத்தை ஊர் தன் சொந்த வரும்படியிலிருந்து எடுத்து வைத்துக் காட்டினால், மறுபாதியை மேலாபீஸ் கொடுக்கும். ஊர் வைக்காவிட்டால் மேலிருந்து காலணா இறங்காது.

எங்கள் ஊருக்குச் சொந்த வரும்படி என்றால் வீட்டு வரி ஒன்றுதான். சந்தைக் குத்தகை போன ஐப்பசி வரைக்கும் எங்களுடையதாக இருந்தது; தபிதாளின் பாதிச் சம்பளம் அதிலிருந்துதான் போயிற்று. அதை மேலே எடுத்துக்கொண்டார்கள். நிலத் தீர்வையோடு சேர்த்து வாங்குகிற ரோட்டு வரி நேராக மேலே போய்விடும். ரோடு மட்டும் எங்களிடம் இருக்கும், குழியோடு.

வீட்டு வரியை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, மேலாபீஸ் ஓவர்சியர் வந்து வீடுகளைப் பார்த்துத் திருத்துவார்; அந்தப் பங்குனியில் அடுத்த திருத்தம். கூரை வீட்டுக்கு வருஷத்துக்கு எட்டணா, ஓட்டு வீட்டுக்கு மூன்று ரூபாய். போன திருத்தத்தின்போது ஊரில் ஓட்டு வீடே கிடையாது. யுத்த காலத்தில் லுங்கி நல்ல விலைக்குப் போனதில் தறிக்காரர்கள் ஒவ்வொருவராக ஓடு போட்டார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருத்தெருவாக நடந்து எண்ணினேன். கூரையிலிருந்து ஓட்டுக்கு மாறினது சரியாக அறுபது வீடு. வீட்டுக்கு இரண்டரை ரூபாய் கூடினால் நூற்றைம்பது. தபிதாளின் வருஷச் சம்பளத்தில் சரிபாதி. கடவுளே உட்கார்ந்து கூட்டிப்போட்ட மாதிரி இருந்தது. அந்த வீடுகளைப் பட்டியலாக எழுதி, அந்த ஜாபிதாவை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் பக்கத்து அறைக்குப் போனேன்.

தபிதாள் வெளியே அடுப்பு மூட்டி, ஒரு சட்டியில் கத்தரிக்கோலையும் ஊசிகளையும் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு அடுப்பில் கேழ்வரகுக் களி.

"நாலு மாசம் பொறுத்துட்டே, இன்னும் ஒரு மாசம் பொறும்மா. ஏப்ரல் பொறந்தா ஊர் பங்கு ஊர்லயே கெடைச்சிடும்," என்றேன்.

"ஆங். கார்த்திகையிலேர்ந்து நீங்களும் ஏதோ ஒண்ணு சொல்லிகினுதான் கீறீங்க," என்றாள் அவள், நிமிராமல். "எம்பொண்ணு தேவசுந்தரி படிக்கற போர்டிங்லேர்ந்து ரெண்டு கடுதாசி வந்துடுச்சி. சாப்பாட்டுத் துட்டு கட்டலன்னா பொண்ண இட்டுகினு போங்கன்றாங்க. மிஷன்ல வேற ஊருக்குக் கூப்புடறாங்க. தெலுங்குச் சீமையில ராயச்சோட்டி தாண்டி எங்கியோ. போவலாமான்னு இவரு கேக்கறாரு. இங்க ஆறு பொண்ணுங்க மாசமா கீதுங்க, எப்படிப் போறது."

"போவாதே. இந்தத் தடவ நிச்சயம்."

நான் அறுபது வீட்டுக் கணக்கைச் சொன்னேன். அவள் களியைக் கிளறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

அப்போதுதான் எலியேசர் வந்தான். முழங்கை வரைக்கும் கரும்புத் தோகை கிழித்த கீறல். தலையெல்லாம் தூசி. கையில் வாழையிலைப் பொட்டலம்.

எலியேசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தத்தில் கூலிப் பட்டாளத்தில் சேர்ந்து அசாம் காட்டில் மூன்று வருஷம் இருந்தவன். திரும்பி வந்து ஒரு வருஷமாக வேலையில்லை. பெண்டாட்டி சம்பளத்தில் தின்கிறவன் என்று ஊர் ஜாடையாகப் பேசும். அந்தச் சம்பளமும் வராமல் போன பிறகு அவன் யாரோடும் பேசுவதை விட்டிருந்தான். அன்றைக்கு அவன் சிரித்துக்கொண்டு வந்தது எனக்கே அதிசயமாக இருந்தது.

"அர வீச கறி. திருத்தணி வரைக்கும் போயி வாங்கினு வந்தேன்," என்று பொட்டலத்தை அவளிடம் நீட்டினான்.

"துட்டு ஏது?"

"பிரசிடெண்டு வூட்டுக்குக் கூர போட்டேன். ஒண்ணேகால் ரூபா, கையில."

"அவரு வூடு ஓட்டு வூடாச்சே."

"ஓட்டு மேலயே போடச் சொன்னாரு. வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்குமாம். இன்னும் நெறைய பேரு கேட்டுகினு கீறாங்க. கரும்பு வெட்டு முடிஞ்சிடுச்சி, தோகை சும்மாவே கெடைக்குது." எலியேசர் என் பக்கம் திரும்பினான். "சாதாரணமா போட்டா ஓட்டு நுனி தெரியும் சார். அது தெரியக் கூடாதுன்னாரு. ஒரு முழம் கீழ தொங்க வுட்டேன். புதுத் தோகை பளபளன்னு காட்டிக் குடுத்துடும். அதனால மேல பழைய தோகைய பரப்பி, சாம்பத் தண்ணி தெளிச்சேன். இப்ப பாத்தா பத்து வருஷத்துக் கூர. அசாம்ல குண்டுக் கெடங்க இப்படித்தான் மூடுவோம், ஜப்பான்காரன் ஏரோப்ளேன்லேர்ந்து பாத்தா காடு மாதிரி இருக்கும்."

எனக்குப் புரிந்துவிட்டது. தபிதாளுக்கும் புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் கொதிக்கிற கத்தரிக்கோலைப் பார்த்தேன். எலியேசர் மட்டும் கறியைக் கழுவத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை பிரசிடெண்டு கஜபதி முதலியாரைத் தேடிப் போனேன். அவர் தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். வசதி வந்தும் பாவுக்குத் தானே நிற்கிற மனுஷர். பின்னால் அவர் வீடு, ஊரிலேயே முதலில் சீமை ஓடு போட்ட வீடு, பழைய மாட்டுக்கொட்டகை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இன்னா கணக்குப்பிள்ள, கூரயப் பாத்துகினு நிக்கற?"

"வெயிலுக்குப் போட்டீங்களாமே."

"வெயிலுக்குத்தான்."

"மாசி மாசத்துலயா?"

அவர் சிரித்தார். கஞ்சி பிரஷ்ஷை இழைமேல் ஓட்டிக்கொண்டே நடந்தார். நானும் கூடவே நடந்தேன்.

"நீ வெளியூரு. உனுக்குச் சொன்னா புரியணும். சந்தைக் குத்தகை நம்புளுதா இருந்துச்சா? நல்லா கட்டிகினு இருந்தோமா? நல்லா வருதுன்னு தெரிஞ்சதும் மேல எடுத்துகினான். ரோட்டு வரி எங்கப்பன் காலத்துலேர்ந்து கட்றோம். ஆடிக் கிருத்திகைக்கு ஆயிரம் வண்டி இந்த ரோட்ல போவுது. குழிய யாரு மூடறா? நம்ப ஊர் ஆளுங்கதான் கூடை மண்ணு கொட்றோம். இப்ப இத்த ஓட்டு வூடுன்னு எழுதிக் குடுத்தா இன்னா ஆவும்? ஊரு பணக்கார ஊராயிடுச்சின்னு மேல குடுக்கற பாதியும் வராது. மூணு ரூபா ஆறு ரூபாயாவும். கண்ணு தெரியாதவனுக்கு வழி காட்டினா அவன் நம்ப வூட்டுக்கே வந்து படுத்துக்குவான்."

"வீட்டு வரி மேல போவாது. இங்கயே இருக்கும். நர்சம்மா சம்பளத்துக்குத்தான் போவும்."

"அப்படித்தான் சந்தைக்கும் சொன்னாங்க."

"நாலு மாசமா அந்தம்மா சம்பளம் வாங்கல."

கஜபதி நின்றார். அவர் முகம் நிஜமாகவே வருத்தப்பட்டது. "அந்தம்மா மகராசி. எம்பொண்ணு ஜெயம்மாளுக்கு இந்த மாசக் கடைசியில நாளு. அவங்க கையில வுட்டா பயமே இல்ல. அவங்களுக்கு இன்னா வேணும் சொல்லு, நான் குடுக்கறேன். அரிசி வேணுமா, சீல வேணுமா. ஆனா வரின்னு கேக்காத. சுயராச்சியம் வரப்போவுது. வந்துட்டா வரியே இருக்காதுன்றாங்க."

"சுயராஜ்யம் வந்தாலும் மருத்துவச்சிக்குச் சம்பளம் யாராவது குடுக்கணும் இல்லீங்களா?"

"அதான் சுயராச்சியம் குடுக்கும்," என்று சொல்லிவிட்டு அறுந்த இழையொன்றைப் பிடித்து முடி போட்டார்.

அவர் சொன்னதில் பாதி நியாயம். அதுதான் எனக்கு ஆத்திரம். முழுக்க அநியாயமாகப் பேசுகிறவனோடு சண்டை போட்டுவிடலாம்.

ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்று எலியேசர் போட்டுக்கொண்டே போனான். அந்தத் தெருவில் யார் வீட்டு வாசற்படியையும் அவன் மிதிக்க முடியாது. கூரைமேல் மட்டும் ஏறலாம். பின்பக்கம் ஏணி வைத்து ஏறி, பின்பக்கமாகவே இறங்க வேண்டும். தண்ணீரைக் கொல்லையில் தூக்கி ஊற்றுவார்கள், கையேந்திக் குடிப்பான். ஆனால் ஓடு உடையாமல் நடக்க அவனைவிட்டால் ஆள் இல்லை. சாக்கை விரித்துப் பலகை போட்டுப் பூனை மாதிரி நடப்பான். கூலி அன்றன்றைக்கே.

ஓடு போட்ட வீடுகளில் தறிக்குழிக்கு நேர்மேலே கண்ணாடி ஓடு ஒன்று வைப்பார்கள். அதுதான் நெய்கிறவனுக்குக் கண். தோகை அதையும் மூடிவிட்டது. பட்டப்பகலில் தறி இருட்டில் கிடந்தது. மண்ணெண்ணெய் ரேஷனில் வருகிறது, விளக்கேற்றி நெய்ய முடியாது. கட்டம் தப்பிய லுங்கிகளைப் பொதட்டூர்பேட்டை வியாபாரி பாதி விலைக்குத் தள்ளினான். இரண்டரை ரூபாயை மிச்சம் பிடிக்கப் பத்து ரூபாயை விட்டார்கள். ஆனாலும் ஒருவர் வாய் திறக்கவில்லை. ஓவர்சியர் வந்துபோகிற வரைக்கும்தானே என்றார்கள். அந்த ஒற்றுமையில் கால்பங்கு ரோட்டு வரிக்குக் கணக்குக் கேட்பதில் காட்டியிருந்தால் சாலைக்குத் தார் போட்டிருக்கலாம்.

ஒரு சாயங்காலம் சுவருக்கு அந்தப்பக்கம் பேச்சுக் கேட்டது. ஒட்டுக் கேட்கிற வழக்கம் எனக்கில்லை. ஆனால் அந்தச் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர்.

"இன்னும் எத்தினி வூடு?" தபிதாளின் குரல்.

"பதினெட்டு."

"வேணாங்க. வுட்டுடுங்க."

"ஏன்?"

"நீங்க மூடற ஒவ்வொரு வூடும் என் சம்பளத்துல ரெண்டர ரூபா. உங்களுக்குத் தெரியாதா?"

 பிறகு எலியேசர் பேசினான். கோபமில்லாமல்தான் பேசினான்.

"தெரியும். மூணாவது வூட்லயே தெரிஞ்சிபோச்சி. நீ கணக்குப் போடு தபிதா. உன் சம்பளம் எப்ப வந்துச்சி? கார்த்திகையில. ஏப்ரல்ல வரும்ன்றாரு கிளார்க்கு. அவரு நல்லவரு, ஆனா அவரு சொல்லி எது வந்துச்சி? என் கூலி பொழுது சாயறதுக்குள்ள கையில வருது. போர்டிங்குக்கு நேத்து மணியார்டர் அனுப்பினது உன் சம்பளத்துலயா, என் கூலியிலயா?"

"உங்க கூலியிலதான்."

"நான் போடலன்னா ஆர்.கே.பேட்டையிலேர்ந்து ஆளு வருவான். ஓட்ட ஒடைச்சிகினாவது போடுவான். வூட்ட மூடறவன் நானில்ல. அவங்க."

"ஏணிமேல நிக்கறது நீங்கதான."

 அப்புறம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் எலியேசர் பலகையையும் சாக்கையும் தோளில் போட்டுக்கொண்டு போனான். அவனை நான் தடுக்கவில்லை. என் பீரோவில் அறுபது வீட்டின் ஜாபிதா இருந்தது. அதை மேலாபீசுக்கு ஒரு கவரில் போட்டு அனுப்பியிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். என் வேலையை வருஷா வருஷம் நீட்டித்துக் கையெழுத்துப் போடுகிறவர் கஜபதி முதலியார். எனக்கும் ஊரில் இரண்டு பிள்ளைகள். எலியேசரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

பங்குனி பிறந்து மூன்றாம் நாள் ஓவர்சியர் வந்தார். திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி ஜட்கா பிடித்து வந்தார். தெலுங்குக்காரர், ஐம்பது வயது, கையில் கறுப்புக் குடை. பதினோரு ஊர் பார்க்க வேண்டும் என்று வந்ததும் சொன்னார். இளநீர் குடித்தார். நோட்டை விரித்துக்கொண்டு தெருவின் மேற்குக் கோடியிலிருந்து ஆரம்பித்தார்.

"கீற்று," என்பார்; கூரை வீட்டுக்கு அதுதான் ஆபீஸ் வார்த்தை. நான் கூடவே நடந்து கதவு நம்பரைச் சொல்வேன். "கீற்று. கீற்று. இதி கூடா, இதுவும் கீற்று." அவ்வளவுதான். தலையை நிமிர்த்தி ஒரு பார்வை, ஒரு பென்சில் கோடு. தறிச் சத்தம் எங்குமில்லை. எல்லாரும் வாசலில் கைகட்டிக்கொண்டு ஏழைகள் மாதிரி நின்றார்கள். எலியேசர் ஏதாவது சரிந்தால் சரிசெய்ய வேண்டுமென்று தெருக்கோடி வேப்பமரத்தடியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தான்.

கஜபதி வீட்டில் விடியற்காலையிலிருந்து ஜெயம்மாளுக்கு வலி; தறி அறையில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். தபிதாள் உள்ளே இருந்தாள். பிரசவ அறைக்குள் மட்டும் அவள் போகலாம். தீட்டு நாள் என்பதால் அதற்கு ஊர் விதி இடம் கொடுத்திருந்தது. நாங்கள் ஏழு வீடு தள்ளி இருக்கும்போது குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. கஜபதி வாசலில் நின்று எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். ஓவர்சியர் கூடச் சிரித்தார்.

நாங்கள் மூன்று வீடு தள்ளி வந்தபோது தபிதாள் வாசலுக்கு வந்தாள். முழங்கை வரைக்கும் ரத்தம்.

"ஐயா, கூரயப் பிரிக்கணும். கண்ணாடி ஓட்டு மேல இருக்கறது மட்டும்."

கஜபதி குரலைத் தாழ்த்தினார். "இன்னாம்மா சொல்றே? கொயந்த பொறந்துடுச்சே."

"கொயந்த நல்லா கீது. பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. உள்ள கிழிஞ்சிருக்குது. எங்க கிழிஞ்சிதுன்னு பாத்துத் தையல் போடணும். கையால தடவித் தைக்க முடியாது. உள்ள கும்மிருட்டு."

"வெளக்கு..."

"ஆமணக்கெண்ண வெளக்கு. பொக வருது, வெளிச்சம் வரல. மண்ணெண்ண மூணு வூட்ல கேட்டாச்சி, இல்ல."

"கூடத்துக்குத் தூக்கினு வந்தா?"

"அசைச்சா இன்னும் போவும்."

கஜபதி திரும்பி எங்களைப் பார்த்தார். அவர் கண் ஓவர்சியரின் நோட்டில் நின்றது. நான் இருபது அடி தூரத்தில் இருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"தோ, மூணாவது வூட்டண்ட வந்துட்டாரு. ஒரு கால் மணி பொறும்மா. தாண்டிப் போயிடட்டும்."

"உங்க பொண்ணுகிட்ட கால் மணி இல்லீங்க," என்றாள் தபிதாள்.

உள்ளேயிருந்து கஜபதியின் சம்சாரம் கௌரியம்மாள் குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு வந்தாள். "ரெண்டர ரூபாய்க்கு எம்பொண்ணக் குடுக்கறியா நீ," என்று புருஷனைக் கேட்டாள். இரைந்து கேட்கவில்லை. கஜபதி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவர் கெட்டவரில்லை. பெண்ணென்றால் உயிர். ஆனால் ஊரையெல்லாம் கூட்டி இந்த யோசனை சொன்னவர் அவர். முதல் வீடு அம்பலமானால் மற்ற வீட்டுக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாது. அந்த நினைப்பு அவர் காலைக் கட்டிப்போட்டது.

தபிதாள் அவரைத் தாண்டித் தெருக்கோடியைப் பார்த்தாள்.

"ஏறுங்க," என்றாள் புருஷனிடம்.

எலியேசர் ஓடி வந்தான். பின்பக்கம் சுற்றிப் போக நேரமில்லை. வாசற்படியை மிதித்து, கதவுச் சட்டத்தில் கால் வைத்து, மேலே தாவினான். பலகையுமில்லை, சாக்குமில்லை. ஓடுகள் காலடியில் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவன் பழைய தோகையையும் புதுத் தோகையையும் இரண்டு கையாலும் பிய்த்துத் தெருவில் எறிந்தான். சாம்பல் பறந்தது. ஒரு கட்டு ஓவர்சியரின் செருப்புக்கு முன்னால் வந்து விழுந்தது.

ஓவர்சியர் குடையைச் சாய்த்து நிமிர்ந்து பார்த்தார். கூரையின் நடுவில் ஒரு பாய் அகலத்துக்குச் சிவப்பு ஓடு. அதற்கு நடுவில் கண்ணாடி, வெயிலில் பளீரென்று.

"சரியா விழுதா?" என்று மேலேயிருந்து எலியேசர் கத்தினான்.

"விழுது. நவராதீங்க, நெழல் விழும்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அவன் கண்ணாடிக்கு ஓரமாகச் சூடான ஓட்டின்மேல் மண்டிபோட்டு உட்கார்ந்தான். அரை மணி நேரம் அசையவில்லை.  ஓவர்சியரும் நகரவில்லை. பிறகு தபிதாள் வெளியே வந்து, கையைக் கழுவத் தண்ணீர் கேட்டாள். கௌரியம்மாள்தான் ஊற்றினாள். ஊற்றும்போது அழுதாள். ஜெயம்மாள் பிழைத்தாள்.

ஓவர்சியர் நோட்டைப் பிரித்தார். "டோர் நம்பர்?"

"நாப்பத்தொண்ணு," என்றேன்.

"ஓடு," என்று எழுதினார்.

அடுத்த வீட்டுக்கு நடந்தார். "கீற்று," என்றார்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அவரை ஓரமாக இழுத்தேன். "சார், பார்த்தீங்க இல்ல? எல்லா வீடும் இப்படித்தான். ஏதாவது ஒரு வீட்ல ஒரு கை தோகையைத் தூக்கிப் பாருங்க."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சாலண்டி, போதும். பதினோரு ஊர்லயும் ஏதோ ஒண்ணு மூடித்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியறது எழுதணும், அதான் உத்தரவு. தூக்கிப் பாக்கறதுக்கு எனக்கு ஏணி அலவன்ஸு லேது." பிறகு கொஞ்சம் யோசித்து, "உங்ககிட்ட எழுத்துல ஏதாச்சும் உண்டா? குடுங்க, சேர்த்துக்கறேன்," என்றார்.

கஜபதி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பீரோவின் சாவி என் இடுப்பில் இருந்தது.

"இல்லை சார்," என்றேன்.

தீட்டுக் கழிக்கிற புண்ணியதானம் முடிந்ததும் கஜபதி ஒரு மூட்டை அரிசியும் அரக்கு பார்டர் போட்ட புடவையும் தபிதாளுக்கு அனுப்பினார். புடவையே முப்பது ரூபாய் பெறும். அவர் வீட்டின் பத்து வருஷத்து வரி அது. மனசு நிறைந்துதான் கொடுத்தார். அதில் சந்தேகமே இல்லை. வரியாகக் கேட்ட இரண்டரை ரூபாய்க்குத்தான் அவருக்கு மனசு வரவில்லை.

சித்திரை முதல் வாரம் போர்டு மீட்டிங் நடந்தது. முதல் விஷயம், கதவு நம்பர் நாற்பத்தொன்றின் வரி அதிகம் என்று அதன் சொந்தக்காரர் கொடுத்த மனு. தன் மனுவைத் தானே விசாரிக்கக் கூடாதென்று கஜபதி நாற்காலியிலிருந்து இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தார். உபதலைவர் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஊரெல்லாம் கூரையாக இருக்க ஒரு வீட்டை மட்டும் ஓடு என்பது நியாயமில்லை என்றார். ஏகமனதாக எட்டணா ஆக்கினார்கள். கஜபதி மறுபடி நாற்காலிக்கு ஏறினார். இரண்டாவது விஷயம், மருத்துவச்சி பதவி.

"இன்னா பண்றது, துட்டு இல்லியே," என்றார் கஜபதி.  "எழுது கணக்குப்பிள்ள."

நிதி வசதியின்மையால் ஏப்ரல் மாத முடிவோடு பதவி நிறுத்தப்படுகிறது என்று எழுதினேன். பாக்கிச் சம்பளம் நிதி நிலைமை சீரானதும் பரிசீலிக்கப்படும் என்றும் எழுதினேன். ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப்பக்கம் கேட்டிருக்கும்.

அன்று சாயங்காலம் அவளைப் பார்க்க எனக்கு முகமில்லை. அவளே வந்தாள். "உங்க மேல கோவம் இல்ல சார்," என்றாள். பீரோவில் இருந்த ஜாபிதாவைப் பற்றி அவளுக்குத் தெரியும். நானேதான் சொல்லியிருந்தேன், அந்த முதல் நாள், சந்தோஷத்தில். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வெயில் ஏறியதும் தோகை காய்ந்து சருகாயிற்று. நெருப்புப் பயம் வந்துவிட்டது. தோகைக்குள் தேள் குடியேறி, இரண்டு வீட்டில் கொட்டியும்விட்டது. ஓவர்சியரின் நோட்டும் மேலே போய் முத்திரை குத்தியாகிவிட்டது. இனி ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை. ஊர் மறுபடியும் எலியேசரைக் கூப்பிட்டது. பிரிக்கிறதுக்கு வீட்டுக்குப் பன்னிரண்டு அணா.

அவன் இருபது நாளில் எல்லாவற்றையும் பிரித்தான். ஒரு ஓடு உடையவில்லை. அந்தக் கூலியில்தான் ராயச்சோட்டிப் பக்கத்து மிஷனுக்குப் போக இரண்டு பேருக்கும் டிக்கெட், மகளுக்குச் சாப்பாட்டுத் துட்டு, ஒரு தகரப்பெட்டி.

மே மாதம் ஒரு காலையில் வண்டி கட்டினார்கள். நான் திருத்தணி ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போனேன். வண்டி தெருவழியாக மெல்லப் போயிற்று. இரண்டு பக்கமும் வரிசையாக ஓட்டு வீடுகள், மழையில் கழுவினாற்போலச் சிவப்பாக. உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அறுபது வீட்டையும் நான் மறுபடி எண்ணினேன். வேறென்ன செய்ய?

நாற்பத்தொன்றாம் நம்பர் வாசலில் கௌரியம்மாள் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். வண்டியை நிறுத்தச் சொன்னாள். எலியேசர் இறங்கவில்லை. தபிதாள் மட்டும் இறங்கிப் போய்க் குழந்தையின் தலையைத் தொட்டாள்.

"நர்சம்மா, என் தம்பி பொண்ணுக்கு ஆவணியில நாளு. வந்துடுவ இல்ல?" என்றாள் கௌரியம்மாள். "வண்டிச் சத்தம் எவ்ளோ ஆனாலும் நாங்க குடுத்துடறோம்."

ராயச்சோட்டி எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாது. தபிதாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அந்த ஓட்டைப் பார்த்தாள். எலியேசரின் கால் பட்டு நொறுங்கின இடத்தில் புது ஓடு மாற்றியிருந்தார்கள். கண்ணாடிமேல் பழைய சாம்பல் இன்னும் படிந்திருந்தது.

"அந்தக் கண்ணாடிய மட்டும் தொடைச்சி வையுங்கம்மா," என்றாள். "ஆவணியில யாரு வந்தாலும், வெளிச்சமாவது வேணும்."